முனி மேடைப் பூச்சிகள்

செமோர் சாலையை ஒட்டி மிச்சமிருந்த ரப்பர்ப் பால்மரங்களையும் வெட்டிச் சாய்த்த வாரத்தில்தான் பூச்சிகள் வந்தன.

நவமணிக்கு அன்று ஓய்வு நாள். ஈப்போவில், தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் டோபிக் கூடத்தில் அவளுக்கு வேலை. வாரம் முழுக்க யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை நீவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்த வீட்டுத் துணியைக் கொடியில் போடும்போது அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி உண்டு. அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் சத்தம் கேட்டது. மரம் அறுக்கும் இயந்திரம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்டுகிறவர்கள் வருவதில்லை. சத்தம் தலைக்கு மேலே வந்து நின்றது. கையிலிருந்த வெள்ளைத் துண்டின் மேல் புள்ளி புள்ளியாக நிழல் ஓடியது. அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பகுதி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

மதிலோரத்து முனியாண்டி மேடையின் மேல் அந்தத் தேன்பூச்சிக் கூட்டம் இறங்கியது. கொஞ்ச நேரம் சிவப்புச் சாயம் பூசிய செங்கல் சுவரே நெளிவதுபோல் இருந்தது. பிறகு, மழைத்தண்ணீர் வடிய மேடையின் அடியில் விட்டிருந்த ஓட்டை வழியாக, சாக்கடையில் தண்ணீர் இறங்குவது மாதிரி அத்தனையும் உள்ளே இறங்கிப் போயிற்று. சத்தம் மட்டும் வெளியே மிஞ்சியது, மூடிய பானைக்குள் உலை கொதிப்பதுபோல.

நவமணி கொடிக்கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். அந்தக் கயிற்றைத் தாண்டி அவள் ஒருநாளும் போனதில்லை. தோட்டத்தில் இருந்தபோதே முனியாண்டியிடம் பெண்கள் நெருங்குவதில்லை. பொங்கல் வைத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று கும்பிடுவார்கள். தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, எல்லாரையும் இந்த வரிசை வீடுகளுக்கு அனுப்பியபோது, கோயிலில் இருந்த கல்லையும் சூலத்தையும் அவள் புருஷன் பத்துமலை ஒரு சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார். இடுப்புயர மேடையை ஒற்றை ஆளாகக் கட்டினார். அன்றைக்கு அவள் அடுப்படியில் இருந்தாள். மேடை எழும்பி முடிந்தபின் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டாள்.

பள்ளிக்கூடத்தைக் காக்கும் ஜாகா வேலை முடிந்து பத்துமலை அந்தியில் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். சத்தத்தைக் கேட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடைக்கு முன் போய் நின்றார்.

"எப்ப வந்துச்சு?"

"காலையில, துணி காயப்போடுறப்ப. பெரிய கூட்டங்க. எடுக்கறதுக்கு ஆள் இருக்காங்களாம், பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் அக்கா சொன்னாங்க."

"எதை எடுக்கறது?"

"பூச்சியத்தாங்க."

"சாமி மேடைக்குள்ள போனது பூச்சியா மணி? இத்தன வீடு வரிசையா இருக்கு. கெர்ட்ரூட் வீட்டுல ஒடஞ்ச அலமாரி ஒன்னு வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கு. அங்க போவாம இங்க ஏன் வருது?"

"பால்மரத்த வெட்டிட்டாங்க, அதுக்கு எடம் இல்ல. ஓட்டையப் பாத்துச்சு, பூந்துருச்சு."

அவர் சிரித்தார். "நீ எல்லாத்துக்கும் ஒரு ஓட்டையக் கண்டுபிடிச்சிருவ லா."

"தினா சனிக்கெழம வாரா. மறந்துட்டீங்களா?"

"மறக்கறதா? அதுக்குத்தானே வந்துருக்கு," என்றார் பத்துமலை.

தினா என்கிற தினேஸ்வரி அவர்களுக்கு ஒரே மகள். தெலுக் இந்தானில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது நிறைமாதம். வளைகாப்பு முடிந்து பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு ஆறு வயதில், தோட்டத்தில் விறகு பொறுக்கப் போன இடத்தில் தேன்பூச்சி கொட்டியது. கொட்டியது நாலைந்துதான். ஆனால் நவமணி தூக்கிக்கொண்டு லயத்துக்கு வருவதற்குள் பிள்ளையின் முகம் வேறு யாருடைய முகமாகவோ ஆகிவிட்டது. உதடு தடித்து, கண் மூடி, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து ஊசி போட்டார். அவர் கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை இன்னும் நவமணியின் கண்ணுக்குள் இருக்கிறது. பத்துமலை அந்த நேரத்தில் அங்கே இல்லை. பால் வெட்டும் கத்தியை எறிந்துவிட்டு நேராக முனியாண்டியிடம் ஓடியிருந்தார். கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது முடித்து எழுந்தபோது பிள்ளை கண் திறந்துவிட்டது என்று ஒரு ஆள் வந்து சொன்னான்.

ஒரே நாள்தான். ஆனால் இரண்டு பேருக்குள்ளும் அது இரண்டாக இருந்தது. அவளுடையதில் ஊசி, அவருடையதில் கல். அதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டை போடாததால்தான் அது அப்படியே கெட்டியாகக் கிடந்தது என்று நவமணிக்கு இப்போது தோன்றியது. பின்னால் ஈப்போ டாக்டர் சொன்னதையும் அவள்தான் கேட்டாள்: இன்னொரு தடவை கொட்டினால் முன்னைவிட மோசமாகும், ஊசிக்கு நேரம் கிடைக்காமலும் போகலாம்.

அன்றிரவு மகள் போன் செய்தாள்.

"மா, எனக்கு நண்டு ரசம் வேணும். இங்க அத்தை நண்டு சூடு, அன்னாசி சூடு, கோப்பி சூடுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வெறும் தண்ணி மட்டும்தான் குளிர்ச்சி."

"வா, வச்சுத் தாரேன்."

"என் ரூம்பு சன்னல் தொறக்குதா? போன தடவ இறுகிப் போயிருந்துச்சு. ராத்திரி காத்து இல்லாம தூங்க முடியல மா, உள்ள இருக்கறவன் ஒதச்சுகிட்டே இருக்கான்."

அந்தச் சன்னலைத் திறந்தால் நேரே முனி மேடைதான். "தொறக்குது," என்றாள் நவமணி.

"அங்க வேற விசேஷம்?"

"ஒன்னும் இல்ல."

போனை வைத்த பிறகு தன் சொல்லை அவளே திரும்பக் கேட்டாள். 'பூச்சி வந்திருக்கு, நீ அங்கேயே இரு' என்று ஏன் சொல்லவில்லை? மருமகன் தனேஸ்வரன் பயந்த சுபாவம். ஒரு சொல் போதும், பிள்ளை பிறந்தபிறகும் அனுப்ப மாட்டான். போன வருஷம் தினாவுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது நவமணிக்கு மறுநாள்தான் சொன்னார்கள். பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இந்தத் தடவை தன் கண்முன்னால், தன் கூரைக்குக் கீழே என்று ஒன்பது மாதமாக ஆசையை வளர்த்து வைத்திருக்கிறாள். ஆபத்தைச் சொல்லாமல் மகளை வரவழைக்கிறோமே, இது என்ன தாய்மனம் என்று யோசித்தாள். அந்த யோசனை அவளைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் போனை எடுக்கவில்லை. பூச்சியைத்தான் இல்லாமல் ஆக்கவேண்டும் என்று முடிவு செய்தாள்.

வாரம் நகர்ந்தது. மேடைக்குள் சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. சமையலறைக் குழாயடியில், சீனி டப்பாவில், கழுவிக் கவிழ்த்த தட்டில் என்று ஒன்றிரண்டு எங்கும் இருந்தன. தினமும் பிற்பகலில் மழை கறுத்துக் கட்டும், சில நாள் பெய்யும், சில நாள் சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் உறுமிவிட்டுப் போய்விடும். மழை கட்டும் நேரத்தில் பூச்சிகள் ஓட்டையின் வாயில் மொய்த்துக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் துடித்தன.

அந்தியில் பத்துமலை குளித்து, வேட்டி கட்டி, தூபக்கால் நிறைய சாம்பிராணி போட்டு எடுத்துப் போவார். புகை மேடையைச் சுற்றிக் கவிந்துகொள்ளும். அவர் ஓட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டுவார். பூச்சிகள் ஏறி முழங்கைவரை ஊர்ந்துவிட்டு இறங்கிப் போகும்.

"ஒன்னாச்சும் கொட்டுச்சா? பாத்துக்க," என்றார் வியாழக்கிழமை.

"பொகைக்கு மயங்கிக் கெடக்குதுங்க. தோட்டத்துல தேன் எடுக்கறவன் தேங்காமட்டையக் கொளுத்திக்கிட்டுதான் மரம் ஏறுவான், நீங்களே சொல்லியிருக்கீங்க."

"அது காட்டுப் பூச்சி. இது அப்படியில்ல." கையை முகர்ந்து பார்த்தார். "தினா வந்ததும் இங்கன கொண்டாந்து நிறுத்தணும் மணி. அன்னிக்கு முனி எதக் கொண்டு தொட்டானோ அதையே இன்னிக்குக் காவலுக்கு அனுப்பியிருக்கான். அவ கையில ஊந்து போவட்டும். அப்பறம் பிள்ளை பெத்துகிட்டு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல."

"பயித்தியமா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். புகைக்கு நடுவே அவர் முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் மனுஷன். அந்த உயிரைக் கையோடு கூட்டிவந்து இங்கே நிறுத்துவேன் என்கிறார். பூச்சிகளைவிட அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். லயத்திலும் பக்கத்து வீடுதான். இருவரும் ஒரே நாளில் இங்கே குடிவந்தவர்கள்.

"பசியாறியாச்சா நவமணி? உங்க முனியாண்டி புது ஆள் நெறைய சேத்துருக்காரு போல. எங்க மாதாவுக்கு வச்ச பூவுல ஒக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்குதுங்க. ரெண்டு பக்கமும் கும்புடுற பூச்சி லா."

நவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, உங்க அண்ணன் மவன் மருந்து அடிக்கற வேலதானே செய்யறான்?"

"ஜோனதனா? ஆமா. கரையான், கரப்பான், குளவி, எல்லாத்துக்கும் அவன்தான் எமன். கூப்புடவா?"

"இன்னிக்கே வரணும். அவரு ஏழு மணிக்குத்தான் வருவாரு, அதுக்குள்ள முடிஞ்சிரணும். வந்து திட்டட்டும். ஒரு மாசம் பேசாம இருக்கட்டும். பரவால்ல."

"ஊர் சொத்தையெல்லாம் ஜாகா பண்ற மனுசன், அவரு வீட்டுக்கு நாமதான் ஜாகா பண்ணணும்," என்றாள் கெர்ட்ரூட். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா யோசிச்சுக்க. சாமி மேட."

"யோசிச்சுட்டேன்க்கா."

யோசித்திருக்கவில்லை. யோசித்தால் கால் எழும்பாது என்று தெரிந்திருந்தது.

பிற்பகலில் பாதி வேலையில் சொல்லிவிட்டு வந்தாள். தலைக்குக் குளித்தாள். ஜோனதன் வேனில் ஐந்து மணி வாக்கில் வந்தான். மேற்கே வானம் ஈயம் மாதிரி கிடந்தது. காற்றே இல்லை. அவன் மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, டார்ச் விளக்கை ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தான்.

"கூடு அடியிலதான் ஆண்ட்டி. போறது வர்றது எல்லாம் கீழ. மேல ஒன்னுகூட இல்ல பாருங்க. பக்கச் சுவத்துல நாலு செங்கல் கழட்டி மருந்து அடிச்சா முடிஞ்சிரும். உண்மைய சொன்னா இருட்டுனப்பறம்தான் செய்யணும், எல்லாம் உள்ள அடங்கியிருக்கும். அங்கிள் வர்றதுக்குள்ளன்னு அத்தை சொன்னாங்க, அதான் இப்பவே."

"மேட இடிஞ்சிருமா தம்பி?"

"சரிஞ்சாலும் சரியும். மேல இருக்கற சாமானெல்லாம் மொதல்ல எடுத்துக் குடுத்துருங்க. சூலம், அந்தக் கல்லு."

"நீ எடுக்க மாட்டியா?"

ஜோனதன் கையுறையைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தான். "ஆண்ட்டி, நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுல கித்தார் வாசிக்கறவன். உங்க சாமிய நான் தொட்டேன்னு வைங்க, அங்கிள் சும்மா விட்டாலும் இந்தா நிக்கறாங்களே எங்க அத்தை, அவங்க விட மாட்டாங்க. அடுத்த வீட்டு சாமி மேல கை வைக்காதேன்னு அடிச்சு வளத்தவங்க."

"அது சரிதான் நவமணி," என்றாள் வேலியோரம் நின்ற கெர்ட்ரூட். "அவன் கை படக்கூடாது. வீட்டு ஆளு எடுக்கறதுதான் மொற."

வீட்டு ஆள் என்றால் பத்துமலை. இல்லாவிட்டால் அவள்.

ஜோனதன் தள்ளி நின்றுதான் பாதுகாப்பு உடுப்பை மாட்டத் தொடங்கினான். "சும்மா மெதுவா போயி எடுத்துட்டு வாங்க. கூடு கீழ இருக்கு, மேல ஒன்னும் ஆவாது. தலைக்குத் துண்டு போட்டுக்குங்க."

நவமணி ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கொடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனாள். கிட்டத்தில் மேடை அவள் நினைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. கற்பூரக் கரி, காய்ந்த எலுமிச்சை, எண்ணெய்ப் பிசுக்கு. சூலத்தை உருவிக் கீழே கிடத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. கல்லின் மேல் மஞ்சளும் எண்ணெயும் தடித்துத் தோல் மாதிரி படிந்திருந்தது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். 'தினா' என்ற பெயர் மட்டும்தான் வந்தது.

கல் சிமெண்டில் பூசியிருக்கும், பெயர்க்கத்தான் வேண்டியிருக்கும் என்று முழுப் பலத்தையும் கொடுத்துப் பிடித்து இழுத்தாள். அது ஒரு மூடி மாதிரி சட்டென்று கையோடு வந்தது.

கீழே சிமெண்டு இல்லை. கல் உட்கார்ந்திருந்த இடத்தில் தலை நுழையும் அளவுக்கு இருட்டான குழி. கல்லின் அடியில் வெள்ளை வெளேரென்று அடைகள் வரிசையாக ஒட்டித் தொங்கின. பாதி கல்லோடு வந்து, பாதி கிழிந்து குழிக்குள் விழுந்தது. மணிக்கட்டில் தேன் வழிந்தது. பத்துமலைக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது: அவர் கல்லைப் பூசவே இல்லை. தோட்டத்து நிலத்தில் கோயிலுக்கு ஒரு துண்டு ஒருநாள் கொடுப்பார்கள், கல் திரும்பிப் போகும் என்று பொள்ளலான மேடையின் வாய்மேல் சும்மா எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே நின்று கும்பிட்டவளுக்கு அது எப்படித் தெரியும்?

உலைச்சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவுமே கேட்கவில்லை.

"கல்ல வைங்க ஆண்ட்டி. திரும்ப வைங்க," என்று ஜோனதன் கத்தினான். அதற்குள் குழி அவள் முகத்துக்கு நேராகப் பொங்கிவிட்டது.

கல் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஓடினாள். கழுத்தில், காதுமடலில், துண்டுக்குள் முடியில், எல்லா இடத்திலும் நெருப்பு. கெர்ட்ரூட் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டது கேட்டது. அங்கே இத்தனையையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. படலைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

தெருமுனையில் ஒரு மோட்டார் திரும்பியது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் காடி, மருமகனின் கார்.

மோட்டாரில் பத்துமலை. கைப்பிடியில் மல்லிகைச் சரம் பொட்டலமாகத் தொங்கியது. ஏழு மணிக்கு வரவேண்டிய மனுஷன். காடியின் கண்ணாடிக்குப் பின்னால் தனேஸ்வரன், பக்கத்தில் பச்சைச் சேலையில் தினா. நாளைக்கு வரவேண்டியவர்கள். எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கியது. அவளுக்குத் தெரியாமல் அவர் மருமகனை இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை, அந்தி, சாம்பிராணி. மனைவி தடுப்பதற்குமுன் மகளைக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று. அவருக்குத் தெரியாமல் இவளும் இதே அந்தியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ஒன்பது மாதமாக வாசலில் ஆரத்தியோடு நிற்கவேண்டும் என்று காத்திருந்தவள் மகளுக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடினாள். வெட்டிச் சாய்த்த மரங்கள் கிடந்த பக்கம். பின்னால் "மா" என்று குரல். கதவு திறக்கும் சத்தம்.

"எறங்காதே," என்று கத்தினாள். வாய் தடித்து, வார்த்தை வார்த்தையாக வரவில்லை. கால் இடறித் தெருவோர லோங்காங் சாக்கடையில் விழுந்தாள். முழங்கால் ஆழத்துக்கு அழுக்குத் தண்ணீர். தலையை முக்கி எடுத்து, ஒரு கண் மட்டும் திறக்கிற அளவுக்குத் திறந்து பார்த்தாள்.

காடிக் கதவு திறந்திருந்தது. தினாவின் ஒரு கால் தரையில் இருந்தது. பத்துமலை மோட்டாரை அப்படியே கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். மகளின் காலை வாரி உள்ளே தள்ளினார். கதவை அறைந்து சாத்தி, முதுகை அதில் ஒட்டவைத்து நின்றார். பூச்சிகள் அவரிடம் வந்துவிட்டன. அவர் பொத்தான் தெறிக்கச் சட்டையைக் கழற்றி, கதவு இடுக்கிலும் கண்ணாடி விளிம்பிலும் அடைத்து அழுத்தினார். வெறும் மேலுடம்போடு, கைகளை அகல விரித்து, கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டார்.

"பொறத்த எடு மாப்ள, பின்னால எடு. பொறத்த எடு. கண்ணாடிய எறக்காதே தினா. அப்பா சொல்றேன், எறக்காதே."

காடி பின்னோக்கி ஊர்ந்தது. அவரும் அதோடு ஒட்டிக்கொண்டே பக்கவாட்டில் காலை எடுத்து வைத்து வைத்துப் போனார். முகத்தில் மொய்த்ததை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. தட்டினால் கை கண்ணாடியை விட்டு எடுபடும். தெருமுனை வரைக்கும் அப்படியே போனார். காடி திரும்பி வேகமெடுத்ததும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் சாலையில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். அப்போதுதான் மழையின் முதல் துளி விழுந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் திரைக்கு இந்தப் பக்கம் அவள் கட்டில், அந்தப் பக்கம் அவருடையது. ஜோனதன்தான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தான். தினா நடைவழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள்மேல் ஒன்றுகூடப் படவில்லை என்று காலையில் தாதி சொன்னாள். அவரைப் பற்றிக் கேட்டபோது, பெரியவர் மூச்சு இப்போதுதான் கொஞ்சம் சீராகியிருக்கிறது, பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றாள்.

நவமணி பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கல் எங்கே என்று அவர் கேட்பார். யார் எடுத்தது என்று கேட்பார். நான்தான் என்று சொல்லவேண்டும். எந்தக் குரலில் சொல்வது, அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசுவாரா, பேசாமல் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்றெல்லாம் விடியவிடிய நினைத்து, ஒரு பதிலைத் திரட்டி வைத்திருந்தாள்.

வெயில் திரையில் ஏறியபோது அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"மணி."

"ம்."

வீங்கிய உதட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிதுங்கி வந்தது.

"கண்ணாடிய... எறக்கிட்டாளா அவ?"

"இல்ல," என்றாள் நவமணி. "எறக்கல."

அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை.